ஞாயிற்றுக்கிழமை கேட்ட சத்தம் பற்றிச் சம்பந்திக்கு

சாம்பியன் ரீப்ஸ்,
திங்கட்கிழமை, மாலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ராஜமாணிக்கம் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் இன்று வரை ஒரு குறையும் கண்டிராத முனிரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி சரோஜம்மாவும் மகள் நளினியும் உடம்பளவில் சுகம். அங்கு நீங்களும், சம்பந்தியம்மா சுந்தரியும், மாப்பிள்ளை விவேக்கும், அவர் தங்கை ஷில்பாவும் சுகமாக இருக்க எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் நேற்று நீங்கள் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடிவந்த வேகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டதால் அந்தக் கேள்வி அவசியமில்லை என்று விட்டுவிட்டேன்.

ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் உங்கள் பாத்திரக் கடைக்கும் எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைன் வீட்டுக்கும் நடுவே ஒரு ஷேர் ஆட்டோ தூரம்தான். அதற்குப் போய் எதற்குக் கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். போன் செய்து பார்த்தேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுத்தாலும் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது. மேலும் என் மைத்துனன் மனோகரிடம் நீங்கள் சொல்லியனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது. ‘டி.ஜே. இருந்தால் ரிசப்ஷன் இல்லை, ரிசப்ஷன் இருக்க வேண்டுமென்றால் டி.ஜே. இல்லை’ என்பது முதல் பாகம். ‘என் சம்சாரம் கையில் கேசரிக் கிண்ணத்தோடு, காலில் செருப்பில்லாமல், மூடிக்கிடக்கிற சுரங்க கேட்டின் முன்னால் ஊர் பார்க்க நின்றதற்கு விளக்கம் வேண்டும்’ என்பது இரண்டாம் பாகம். இரண்டும் நியாயமான கேள்விகள். பெண்ணைப் பெற்றவன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்கிறேன். கொஞ்சம் நீளும், கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் படிக்கவும்.

இந்தக் கல்யாணத்தில் பத்திரிகை எப்படி இருக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்தீர்கள், மெனுவை நான் முடிவு செய்தேன், புடவை நிறத்தை இரண்டு அம்மாக்களும் சேர்ந்து முடிவு செய்தார்கள், மாப்பிள்ளை போடும் கோட் எது என்பதை ஷில்பா முடிவு செய்தாள். கல்யாணப் பெண்ணை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் மட்டும் காலை டிரெயினுக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே, “அப்பா, ரிசப்ஷன்ல நா ஆடணும். என்கூட டிரெயின்ல வர்றவங்க அத்தினி பேரும் வந்து ஆடணும். நல்ல டி.ஜே. ஒண்ணு பாத்து குடுங்க. வேற எதுலயும் நா தலையிட மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பெங்களூர் வேலைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து நான் பார்ப்பது ஒரே காட்சிதான். இருட்டில் டிபன் பாக்ஸோடு போவாள், இருட்டில் காலி டிபன் பாக்ஸோடு வருவாள். டிரெயின் பெட்டியில் அவளும் கூட வருகிறவர்களும் பாடுவார்களாம், பிறந்தநாள் கொண்டாடுவார்களாம், சண்டை போட்டுச் சமாதானம் ஆவார்களாம். அதெல்லாம் நான் கேள்விப்பட்டதுதான். என் மகள் ஆடி நான் பார்த்ததில்லை. அவள் கேட்டதும் எனக்கே பார்க்க வேண்டும் போல ஆகிவிட்டது. இதுதான் சம்பந்தி, எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

ஆனால் நல்ல டி.ஜே. என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கத்தரிக்காய் என்றால் காம்பைப் பார்க்கலாம். பாட்டை யாரோ எழுதி, யாரோ பாடி, யாரோ வாசித்து வைத்துவிட்டார்கள். மெஷின் அதைப் போடுகிறது. நடுவில் இந்த ஆள் நின்றுகொண்டு கையை அசைப்பது எதற்கு? இந்தக் கேள்வி எனக்குள் புகுந்துகொண்டு தூங்க விடவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை என்னையும் கேட்டிருக்கிறார்கள். நான் தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆட்களைக் கூண்டில் ஏற்றி, அதாவது கேஜில் ஏற்றி, கயிற்றில் கீழே இறக்குவதும் மேலே தூக்குவதும் என் வேலை. “மிஷின்தானே இழுக்குது, நீ இன்னா பண்ற?” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். “நிறுத்தறேன்” என்பேன். ஓட வைக்க யாராலும் முடியும். சுரங்கக் குழியான ஷாஃப்டுக்குள் எங்கோ ஆழத்தில், என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தாவாமலும் தடுக்காமலும் ஆள் காலெடுத்து வைக்கிற மாதிரி நிறுத்துகிறேனே, அதற்குத்தான் சம்பளம். ஆகவே டி.ஜே.வைத் தேர்வு செய்ய நான் ஒரே ஒரு கேள்வியைத் தயார் செய்துகொண்டேன். எப்படி நிறுத்துவாய்?

முதலில் உங்கள் ஷில்பா சொன்ன பையன். பெங்களூர்க்காரன். வீடியோ காலில் வந்தான். அவன் உட்கார்ந்திருந்த அறையில் விளக்கே இல்லை, அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். பெயர் கேட்டேன், டி.ஜே. எரிமலை என்றான். வீட்டில் கூப்பிடுகிற பெயர் கேட்டேன், கொஞ்சம் இறங்கி சிவகுமார் என்றான். அவ்வளவு இருட்டில் கண்ணாடி எதற்கு என்று கேட்டதற்கு, அது ‘லுக்’ என்றான். பிறகு ‘வைப்’ என்றான், ‘எனர்ஜி’ என்றான், எல்லாம் சக்கத்தாக, அதாவது பிரமாதமாக, இருக்கும் அங்கிள் என்றான். என் கேள்வியைக் கேட்டேன். “நிறுத்தவே மாட்டேன் அங்கிள், நான்-ஸ்டாப்” என்றான். நடுவில் எல்லாரும் சாப்பிட வேண்டாமா, மாலை மாற்ற வேண்டாமா, உங்கள் அண்ணன் மைக்கில் வாழ்த்திப் பேச வேண்டாமா? பேச ஆரம்பித்தால் அவரும் நிறுத்த மாட்டார் என்பது வேறு விஷயம். நிறுத்தத் தெரியாத இரண்டு பேரை ஒரே மேடையில் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. சிவகுமாரை மரியாதையாக வழியனுப்பினேன். இதை ஷில்பாவிடம் சொல்ல வேண்டாம், மாப்பிள்ளை வீட்டில் இப்போதே ஒருவர் கோபமாக இருக்கிறீர்கள்.

அடுத்தது நம்ம கொர்னேலியஸ். ஆண்டர்சன்பேட்டையில் அவர் மைக் செட் பாடாத விசேஷம் உண்டா? இப்போது கலர் லைட் நாலு வாங்கி மாட்டி, போர்டில் மைக் செட் என்ற எழுத்தை அழித்துவிட்டு டி.ஜே. என்று எழுதியிருக்கிறார். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். போட்டுக் காட்டுங்கள் என்றேன். பென் டிரைவ் ஒன்றைச் செருகினார். குத்துப்பாட்டு அருமையாக ஆரம்பித்தது, எனக்கே தோள் அசைந்தது. அது முடிந்ததும், சம்பந்தி, அதே வேகத்தில் ஒரு சாவு வீட்டுப் பாட்டு வந்தது. அது போனதும், காலமான யாரோ ஒரு பெரியவரின் காரியத்துக்கு உற்றார் உறவினர் வந்திருந்து சிறப்பிக்குமாறு கொர்னேலியஸின் குரலே அழைத்தது. என்னய்யா இது என்றேன். எல்லா விசேஷமும் ஒரே பென் டிரைவில்தான் இருக்கிறது, எது எப்போது வரும் என்று தனக்கே தெரியாது என்று வெள்ளையாகச் சொல்லிவிட்டார். எப்படி நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். “கரண்ட் போனா நின்னுடும்” என்றார். எந்த நேரத்தில் எது வரும் என்று தெரியாத ஒன்றை மணமேடைக்குப் பக்கத்தில் வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாவதாக நளினியே தயங்கித் தயங்கி ஒரு பெயர் சொன்னாள். ஷோபா. மாரிகுப்பத்துப் பெண், இவளோடு அதே பெட்டியில் டிரெயினில் போகிறவள். பகலில் பெங்களூரில் ஒரு பல் டாக்டரிடம் வேலை, லீவு நாட்களில் டி.ஜே. பொம்பளை டி.ஜே.வா என்று பஜாரில் பேசிக்கொள்வார்களே என்று நீங்கள் நினைப்பீர்கள் என எனக்குத் தெரியும், நானும் நினைத்தேன். ஆனாலும் ஆர்வம் என்னை விடவில்லை. பங்காருப்பேட்டையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு அவள் வாசிக்கிறாள் என்று கேள்விப்பட்டு, அழைப்பில்லாமலே போய், அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், அதற்கும் போய்வந்தேன். குழம்பு சுமார்.

அன்று நான் கற்றுக்கொண்டதை எழுதினால் இந்தக் கவர் தாங்காது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவள் காதில் மாட்டுகிற சாதனத்தை ஒரு காதில்தான் வைக்கிறாள். மற்றக் காது சும்மா இருக்கிறது. ஏனம்மா என்று கேட்டேன். சும்மா இருக்கிற காது ஜனங்கள் கேட்கிற பாட்டுக்காம், மூடியிருக்கிற காது அடுத்து வரப்போகிற பாட்டுக்காம். அடுத்த பாட்டு ஏற்கெனவே யாருக்கும் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை இறக்கிக்கொண்டே அதை ஏற்றுகிறாள், நடுவில் மாறியது ஆடுகிறவனுக்குத் தெரிவதில்லை. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். எங்கள் இன்ஜினிலும் இரண்டு கேஜ்தானே. ஒன்று மேலே வரும்போது இன்னொன்று கீழே போகும், கையிலிருப்பது ஒரே பிடி. இதைச் சொன்னதும் அந்தப் பெண் பாட்டை விட்டுவிட்டு, கயிறு எத்தனை தடிமன், கீழேயிருந்து அடிக்கிற மணிக்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். பிறகு என் கேள்வியைக் கேட்டேன். “எல்லாருடைய காலையும் பாத்துக்கினே இருப்பேன் அங்கிள். மூஞ்சி சிரிக்கும், கால் முடியலன்னு சொல்லும். அப்ப கொஞ்சம் கொஞ்சமா இறக்கி நிறுத்திடுவேன்” என்றாள். இவள்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன். பாட்டை அடக்கிவிட்டுத் திடீரென்று முழு அடியோடு விழவிடுகிற ‘டிராப்’ என்று ஒன்று உண்டு, அதையும் காட்டுகிறேன் என்றாள். எங்கள் தொழிலில் கேஜை டிராப் செய்தால் விசாரணைக் கமிஷன் வைப்பார்கள், அதனால் அது மட்டும் வேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை. ரிசப்ஷன் நடக்கப்போகிற ஹால் எங்கள் லைனுக்குப் பின்னால்தான் இருக்கிறது. தகரக் கூரை, வெள்ளைக்காரர்கள் ஆடுவதற்காகப் போட்ட மரப்பலகைத் தரை, அதன் கீழே ஆள் தவழ்கிற அளவுக்கு வெறும் பள்ளம். இந்த ஹாலில் எது எது அதிர்ந்து சத்தம் போடும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று ஷோபா ஒரு பெரிய பாக்ஸைக் கொண்டுவந்து வைத்தாள். அலமாரி அளவு இருந்தது. ‘பேஸ்’ என்கிற அடிச்சத்தம் மட்டும் போடுகிற பாக்ஸாம். பாட்டு இல்லை, தாளம் இல்லை, ஒரே ஒரு சத்தத்தை மெதுவாக விட்டுப் பார்த்தாள். போதும் அங்கிள் என்று நிறுத்தப் போனாள். இங்கேதான், சம்பந்தி, என் ஆர்வம் என்னைக் கெடுத்தது. இன்னும் கீழே போகுமா என்று கேட்டேன். போகும் என்றாள். சுரங்கத்தில் ஒவ்வொரு ஆழத்துத் தளத்தையும் லெவல் என்போம், அந்தப் பழக்கத்தில் ஒரு லெவல் இறக்கு என்றேன். இறக்கினாள். இன்னும் ஒரு லெவல் என்றேன். வேண்டாம் அங்கிள், பழைய கட்டடம் என்றாள். கடைசி லெவல் வரைக்கும் போய்ப் பார்த்துவிடலாம் என்றேன். அவள் பட்டனை அமுக்கினாள்.

‘தும்’ என்று ஒன்று. காதில் கேட்கவில்லை, உள்ளங்காலில் கேட்டது. கூரையிலிருந்து தூசு கொட்டியது. அவள் பயந்துபோய் உடனே நிறுத்திவிட்டாள். அந்த அமைதியில் லைன் முழுவதும் அலமாரியிலிருந்து தட்டுகளும் டம்ளர்களும் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை.

நீங்கள் கடை வீதிக்காரர், ஆனாலும் இந்த ஊரில் பிறந்தவர். தரைக்கடியில் பாறை வெடித்தால் மேலே இப்படித்தான் இருக்கும். ஒரு தும், பாத்திரங்கள் விழும், பிறகு அமைதி. உடனே எல்லாரும் ஷாஃப்ட் கேட்டுக்கு ஓடுவார்கள், யார் மேலே வருகிறார்கள் என்று பார்க்க. சுரங்கத்தை மூடியபோது நளினி பள்ளிக்கூடமே சேரவில்லை. அது தலைக்குத் தெரியும், காலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. லைனே ஓடியது. பாதி முகம் சவரம் செய்தவர் ஓடினார், தோசைத் திருப்பியோடு ஒருத்தி ஓடினாள். நாற்காலியிலிருந்து எழுப்ப இரண்டு ஆள் வேண்டும் என்று போன வாரம் வரை சொல்லிக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பாக்யலட்சுமிதான் கேட்டில் முதல் ஆள். அவர் மருமகள் இன்னும் அவரிடம் பேசவில்லை. என் வீட்டில் பிளவுஸ் அளவு பார்க்க வந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த சம்பந்தியம்மாவும் சரோஜம்மாவின் கையைப் பிடித்தபடி ஓடினார்கள். கிண்ணத்தை விடவில்லை, ஒரு துளியும் சிந்தவில்லை. அதை நான் மெச்சத்தான் செய்கிறேன்.

இவ்வளவும் சொன்னவன் என் கதையையும் சொல்ல வேண்டும். சத்தம் போடச் சொன்னவன் நான், பாக்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றவன் நான், அவள் விரல் பட்டனில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். நானும் ஓடினேன். கேட்டுக்கு அல்ல, இன்ஜின் ஹவுஸுக்கு. துருப்பிடித்த பூட்டைக் கையால் அடித்து, “தொறய்யா, கேஜு கீழ இருக்குது” என்று கத்தியிருக்கிறேன். ஷோபா பின்னாலேயே ஓடிவந்து என் தோளைத் தொட்டு, “அங்கிள், அது நம்ம பாக்ஸு” என்றாள். அப்போதுதான் என் இடுப்பில் நான் கட்டியிருந்தது வேட்டி, காக்கி இல்லை என்று பார்த்தேன்.

அங்கிருந்து இருவரும் கேட்டுக்கு நடந்தோம். எல்லாரும் ஷாஃப்டுக்கு மேலே இருக்கிற கயிற்றுச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சக்கரம் சுற்றினால் கேஜ் வருகிறது என்று அர்த்தம். அதில் இப்போது காக்கை கூடு கட்டியிருக்கிறது. பாக்யலட்சுமிதான் முதலில், “இன்னாத்துக்குமா நாம ஓடியாந்தோம்?” என்று கேட்டார். அவ்வளவுதான், ஒருவர் பின் ஒருவராகச் சிரிக்க ஆரம்பித்து, கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அந்த நேரத்தில்தான் சம்பந்தியம்மா போனில் சொன்னதைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தையும் விட்டுவிட்டு, பாதி ஷட்டரை இறக்கிய கையோடு நீங்கள் வந்தீர்கள். சம்சாரத்தை அழைத்துப்போக மட்டுமே வந்ததாக மனோகரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும். ஆனால் ஸ்கூட்டரிலிருந்து இறங்கியதும் நீங்கள் என் கையைப் பிடித்து முதலில் கேட்டது, “எந்த லெவல்ல?” இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மனோகரைத் தவிர. மனோகரைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

இது வரைக்கும் சிரிக்கலாம் சம்பந்தி. எல்லாரும் சிரித்தபோது சரோஜம்மா சிரிக்கவில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கூப்பிட்டாலும் திரும்பவில்லை. அவள் பாவாடை கட்டிய வயதில் இதே கேட்டில் ஒரு மத்தியானம் நின்றவள். எல்லாரும் கேஜிலிருந்து நடந்து வந்தார்கள், அவள் அண்ணன் மட்டும் கடைசி கேஜில் படுத்தபடி வந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் இதை என்னிடம் பேசியதே இல்லை, எனக்கு மனோகர் சொல்லித்தான் தெரியும். சாயங்காலம் அரிசி களையும்போது முகத்தைப் பார்க்காமல், “நளினி ரிசப்ஷன்ல நா வாசல்லயே சேர் போட்டு உக்காந்துக்கறேன். உள்ள வரல. நீங்க பாத்துக்கங்க” என்றாள். பெண்ணின் அம்மா வாசலிலா?

நளினிக்கு விஷயம் தெரிந்ததும் உடனே டி.ஜே. வேண்டாம் என்றாள். சரோஜம்மா, வேண்டும் என்றாள். உனக்காக வேண்டாம் என்று இவள் சொல்ல, எனக்காக நீ ஏன் விடணும் என்று அவள் கேட்க, ஒருவரையொருவர் விட்டுக்கொடுத்துச் சண்டை போட்டார்கள். நடுவில் நான் வாய் திறந்தேன், இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அதில் மட்டும் ஒற்றுமை. அந்த அடிச்சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டுப் போட முடியுமா என்று ஷோபாவைக் கேட்டேன். எடுக்கலாம் அங்கிள், ஆனால் பாட்டைக் கேட்கலாம், ஆட முடியாது, கால் அதைத்தான் கேட்கும் என்று வருத்தமாகச் சொன்னாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அந்தச் சத்தம் இல்லாமல் நளினி ஆட முடியாது, அது இருந்தால் சரோஜம்மா உள்ளே இருக்க முடியாது. நேற்று இரவு முழுக்க இதையே இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன், எனக்கு நிறுத்துகிற இடம் கிடைக்கவில்லை.

ஆகவே தோற்றுவிட்டேன் சம்பந்தி. நீங்கள் சொன்னபடியே ஆகட்டும். முதலிலிருந்தே நீங்கள் சொல்லிவந்த உங்கள் மைத்துனருடைய ஆர்க்கெஸ்ட்ராவையே கூப்பிடுங்கள். பாடகருக்கு நடுவில் வரி மறந்துபோனால் ‘லா லா லா’ என்று பாடுவதை மட்டும் குறைத்துக்கொள்ளச் சொல்லவும். பாக்ஸை எடுத்துப் போய்விடும்படி ஷோபாவுக்குச் சொல்லிவிட்டேன், இன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சாயங்காலம் வருகிறாள். சரோஜம்மா மேடையில் மகளுக்குப் பக்கத்தில் நிற்பாள். நளினி நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவாள். ஆடுவதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று இருந்துவிடுகிறேன். எனக்கு மனசு கனமாகத்தான் இருக்கிறது, அதை மறைத்து எழுதத் தெரியவில்லை. சம்பந்தியம்மாவின் கால் செருப்பு ஒரு ஜோடி எங்கள் வீட்டு வாசலில் பத்திரமாக இருக்கிறது. கிண்ணம் எங்களுடையது, அவசரமில்லை.

மணமக்கள் இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, ஆனால் எங்கள் வீட்டில் நடந்த மாதிரி சத்தம் போடாமல் விட்டுக்கொடுத்து, நீடூழி வாழ என் ஆசிகள். உங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் இருவர் நமஸ்காரம். ஷில்பாவுக்கு அன்பு.

இப்படிக்கு,
உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
முனிரத்தினம்

பின்குறிப்பு: கவரை ஒட்டக் கோந்து கேட்டுச் சரோஜம்மாவைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அடுப்பு அணைந்திருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, ஆள் இல்லை. தெருவில் இறங்கினேன், பின்பக்கம் ஹாலிலிருந்து மறுபடியும் ‘தும்’. மறைப்பானேன், நாலு எட்டு கேட்டுப் பக்கம் ஓடிவிட்டுத்தான் ஹால் பக்கம் திரும்பினேன். உள்ளே பார்த்தால், பாக்ஸை எடுத்துப்போக வந்த ஷோபா ஒரு ஓரமாக நிற்கிறாள். சரோஜம்மா அந்தப் பாக்ஸின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி குனிந்து நிற்கிறாள். கோயிலுக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு வந்த சம்பந்தியம்மாவும் பக்கத்தில் நிற்கிறார்கள், செருப்பு எடுக்க வந்தார்களாம். “இன்னொரு தபா போடும்மா” என்றாள் சரோஜம்மா. ஷோபா போடவில்லை. சரோஜம்மாவின் விரலைப் பிடித்துப் பட்டன் மேல் வைத்தாள். சரோஜம்மா தானே அமுக்கினாள். விட்டாள். மறுபடி அமுக்கினாள். பிறகு என்னைப் பார்த்து, “இத்தினி வருசமா இது எப்ப வருமோன்னு பயந்துக்கினே இருந்தேன். இப்ப நா அமுக்குனா வருது, வுட்டா நிக்குது” என்றாள். அப்புறம் அழுதாள், சம்பந்தியம்மாவும் அழுதார்கள், அழுகைக்கு நடுவில் சம்பந்தியம்மாவும் ஒரு முறை அமுக்கிப் பார்த்தார்கள். எனக்குத்தான் கொடுக்கவில்லை.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகக் கொள்ளவும். இத்தனை பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, அதனால்தான் அனுப்புகிறேன். டி.ஜே. உண்டு, ஷோபாதான். அடிச்சத்தம் உண்டு, முதல் சத்தத்தைச் சரோஜம்மாதான் அமுக்குவாள், பிறகு உள்ளேயே இருப்பாள். ஆர்க்கெஸ்ட்ரா வேண்டாம் என்று உங்கள் மைத்துனரிடம் சம்பந்தியம்மா இப்போதே போனில் சொல்லிவிட்டார்கள், உங்களிடம் சொன்னார்களா என்று தெரியவில்லை. லைன்காரர்களை மறுபடி அழைக்கக் குங்குமம், வெற்றிலை பாக்குத் தட்டோடு இரண்டு பேரும் வீடு வீடாகக் கிளம்பியாகிவிட்டது. பாக்யலட்சுமி வீட்டு வாசலில் சரோஜம்மா சொல்வது இங்கே வரை கேட்கிறது, உங்களுக்கும் அதுவே அழைப்பாக இருக்கட்டும்: “சனிக்கிழமை சாயந்தரம் தும்முனு கேட்டா கேட்டாண்ட ஓடாதீங்க, ஹாலாண்ட ஓடியாங்க. அது நம்ம நளினி ஆடறது.”